செருப்பு அலமாரியில் ஒரு கத்தரிக்கோல்

மிரானின் வீடு நாலே நாளில் விற்றுப்போனது. தொண்ணூற்றிரண்டு கோடி வோன். எங்கள் வெண்கொக்குக் குடியிருப்பில் அந்த அளவு வீட்டுக்கு அதற்கு முன் யாரும் கொடுத்திராத விலை. ஒப்பந்தத்தில் குத்திய முத்திரையின் மை காய்வதற்குள், அவளுடைய மூத்த ஓர்ப்படி ஓக்புன் என் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"தரகரம்மா, எங்க வீட்டை விக்கணும்."

"வித்துடலாம். என்ன விலை எதிர்பாக்குறீங்க?"

"அவளுக்கு என்ன வந்துச்சோ, அதுக்கு மேல."

"எவ்வளவு மேல?"

"மேலன்னா மேல. ஒரு வோன் ஆனாலும் சரி."

இருபது வருடமாக இந்தக் குடியிருப்பின் வாசலில் வீட்டுத் தரகுக் கடை வைத்திருக்கிறேன். விற்க வருகிறவர்களிடம் காரணம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வது வழக்கம். வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பிள்ளை கல்யாணம், மாற்றல், மாமியார் என்று நாகரிகமான காரணங்கள் பல உண்டு. பொறாமை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஓக்புனும் சொல்லவில்லை. முழங்கால் வலி என்றார். வாசலிலிருந்து படுக்கையறை வரை லிஃப்டில் போகிறவருக்கு முழங்கால் என்ன செய்தது என்று நான் கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அண்ணன் தம்பி இருவரும் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரே மாதத்தில் இங்கே வீடு வாங்கினார்கள். அண்ணன் தாக் சாங்குவும் ஓக்புனும் 107ஆம் கட்டடத்தில் பதினோராவது மாடி. தம்பியும் மிரானும் 104இல் ஐந்தாவது மாடி. நடுவில் குழந்தைகள் விளையாடும் திடல். அறைகளின் அளவும் அமைப்பும் ஒன்றே. வித்தியாசம் வெயிலில்தான். ஓக்புன் வீடு தெற்கு பார்த்தது. கூடத்தில் சாயங்காலம் நாலு மணி வரை வெயில் கிடக்கும். மிரான் வீட்டில் பதினோரு மணிக்கே அது விடைபெற்றுப் போய்விடும். மழைக்காலத்தில் ஓர்ப்படியைப் பார்க்கும்போதெல்லாம் ஓக்புன், "உங்க வீட்டுல துணி காயுதா மிரான்?" என்று அக்கறையாக விசாரிப்பார். இருபத்திரண்டு வருடமாக விசாரித்திருக்கிறார்.

இப்போது அந்தத் துணி காயாத வீட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு கோடி.

"அப்போ என் வீட்டு வெயிலுக்கு என்ன மரியாதை?" என்று கேட்டுவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தார். "இன்னும் அஞ்சு வாரத்துல அறுவடைத் திருநாள். மூத்தவங்க வீடுன்னு எல்லாரும் என் வீட்டுக்குத்தான் வருவாங்க. என் அடுப்புல, என் எண்ணெயில வடை சுட்டுக்கிட்டே அவ 'தொண்ணூத்திரண்டு, தொண்ணூத்திரண்டு'ன்னு சொல்லுவா. நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா? அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

"வித்துட்டு எங்க போவீங்க?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

விலை வேண்டும், விற்பனை எப்படிப் போனால் என்ன என்ற நிலையில் இருக்கும் வாடிக்கையாளர் எனக்குப் புதிதல்ல. மறுநாள் காலை டார்ச் விளக்கும் நோட்டுமாகப் பதினோராவது மாடிக்குப் போனேன்.

வாசலில் என்னை வரவேற்றவை கற்கள். நாற்பத்து மூன்று கற்கள், ஒவ்வொன்றும் தனக்கென்று செதுக்கிய மரப்பீடத்தில் அமர்ந்திருந்தது. தாக் ஐயா மாவட்ட அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் பிரிவுத் தலைவர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். வேலையில் இருந்த காலத்தில் ஆற்றுப் படுகைகளை ஆய்வு செய்தபோது சேர்த்தவையாம் இந்தக் கற்கள். சுவரில் நற்சேவைப் பட்டயங்கள் ஒன்பது. அவற்றில் மூன்று, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்ததற்கு.

"இது மேகத்தில் மறைந்த சிகரம்," என்று ஒரு கல்லைக் காட்டினார். "அது, தவத்தில் ஆழ்ந்த முனிவர். இந்தக் கூடத்துக்கு ஒரு கௌரவம் இருக்குன்னா இதுங்களாலதான்."

"பிரிவுத் தலைவரே, வீடு பாக்க வர்றவங்க கண்ணுக்கு முனிவர் தெரிய மாட்டாரு. இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கிற கல்லுதான் தெரியும். எல்லாத்தையும் எடுத்துடுங்க."

"கல்லைப் பாத்துட்டு வீட்டை வாங்குறவங்களும் இருப்பாங்க."

"அவங்களுக்கு ஆற்றங்கரையில இடம் பாத்துக் குடுக்குறேன்."

ஓக்புன் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரே கவலை. நான் எந்தக் குறையை எழுதினாலும் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரே கேள்வி கேட்டார். குளியலறை ஓரத்துப் பூச்சு கறுத்திருக்கிறது என்றேன்.

"அவ வீட்டுல?"

"புதுசாப் போட்டிருந்தாங்க."

முகம் சுருங்கியது. சமையல் தொட்டிக் குழாயில் நாற்றம் வருகிறது என்றேன்.

"அவ வீட்டுல?"

"வரலை."

படுக்கையறை மூலையில் ஒரு மடக்குத் தட்டி சாய்ந்திருந்தது. முன்னோர் வழிபாட்டன்று விரிக்கிற தட்டி. நகர்த்தினேன். பின்னால் சுவரில், உலக வரைபடம் போலப் பூஞ்சை.

"இதை மறைக்கக் கூடாது. சுரண்டி, மருந்து அடிச்சு, மேல காகிதம் ஒட்டணும். வாங்குறவங்ககிட்ட நானே சொல்லியும் ஆகணும்."

"அவ வீட்டுல?"

"இருந்துச்சு. இதைவிடப் பெரிசு."

ஓக்புனின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெயில் அடித்தது. "வெயிலே இல்லாத வீட்டுல வேற என்ன வளரும்?" என்றார்.

குளியலறை ஓரத்துக்கான பூச்சுப் பசைக் குழாயின் மூக்கை வெட்டி எப்படிப் போடுவது என்று காட்டலாமென்று ஒரு கத்தரிக்கோல் கேட்டேன். வீட்டில் ஒரு சண்டையே தொடங்கிவிட்டது.

"இருந்தாத்தானே! ஜெர்மனி சாமான். பொண்ணு வாங்கிக் குடுத்தது. எலும்பையே வெட்டும். புத்தாண்டு அன்னைக்கு இருந்து காணோம். இவருதான் கல்லைக் கட்டின குப்பையோட சேத்து வெளிய போட்டுட்டாரு."

"ஏழு மாசமா இதே குற்றச்சாட்டு," என்றார் பிரிவுத் தலைவர், விசாரணைக் குழுவின் முன் நிற்பவரைப் போல. "நான் போடலை. எழுத்துமூலமாக் குடுக்கத் தயார்."

"அதுக்கு முன்னாடி அதைக் கேஸ் அடுப்புல வச்சுப் பிடியை உருக்குனதும் நீங்கதான். அதையும் எழுதிக் குடுங்க."

நான் பல்லால் கடித்து மூக்கைத் திறந்தேன்.

அடுத்த இரண்டு வாரம் ஓக்புன் உழைத்த உழைப்பை அவருடைய மாமியார் பார்த்திருந்தால் ஆயுள் கூடியிருக்கும். பூச்சு, குழாய், விளக்குகள், சுவர்க் காகிதம் எல்லாம் புதிதாயின. கற்கள் தாக் ஐயாவின் காரில் ஏற்றப்பட்டன. கார் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி அமர்ந்தது. கல்லுக்குத் துணையாக அவரும் தினமும் ஒரு மணி நேரம் காரில் அமர்ந்தார். மிரான் வீடு காட்டும்போது காப்பி கொதிக்க வைத்தாள் என்று யாரோ சொல்ல, ஓக்புன் காப்பியோடு ரொட்டியும் சுட்டு, லவங்கப்பட்டையும் புகைத்தார். முதலில் பார்க்க வந்த பெண்மணி மூன்று முறை தும்மிவிட்டு, கீழே பேக்கரி இருக்கிறதா, எறும்பு வருமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் வெயிலைப் புகழ்ந்தார்கள். ஒருவரும் விலை பேசவில்லை.

ஓக்புன் என் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லுங்க. அவ கத்தரிக்கோல் தொங்கவிட்டாளா?"

எங்கள் ஊரில் வீடு விற்க வேண்டுமென்றால் வாசல் பக்கத்துச் செருப்பு அலமாரிக்குள் ஒரு கத்தரிக்கோலைத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். வீட்டுக்கும் உங்களுக்கும் உள்ள பந்தத்தை அது வெட்டிவிடுமாம். ஆனால் கடையில் வாங்கியது பலிக்காது. கேட்டு வாங்கியதும் பலிக்காது. நன்றாகச் செழித்திருக்கிற இடத்திலிருந்து, தெரியாமல் எடுத்து வர வேண்டும். வழக்கமாக எல்லோரும் கூட்டம் நெரிகிற கல்பி கடைக்குத்தான் போவார்கள். எலும்போடு சுட்ட இறைச்சியை வெட்ட மேசைக்கு மேசை கத்தரிக்கோல் இருக்கும். எங்கள் தெருக்கோடிக் கடைக்காரர் வருடத்துக்கு முப்பது பறிகொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார். மருத்துவர், பேராசிரியர், பிரிவுத் தலைவர் யாரும் இதை நம்புவதில்லை. வீடு விற்கும்போது மட்டும் தொங்கவிடுவார்கள்.

"தொங்குச்சு," என்றேன். "பிடியில சிவப்புத் துணி சுத்தி."

"எங்க எடுத்தாளாம்?"

"சொல்லலை. சொன்னா பலிக்காதே."

ஓக்புன் யோசித்தார். யோசனை முடிந்தபோது எழுந்துவிட்டார். "எங்கேயோ எடுத்து, பலிக்குமா பலிக்காதான்னு நான் எதுக்குச் சோதிக்கணும்? பலிச்சதே அங்க தொங்குதே."

அன்று பிற்பகல் வெள்ளரிக்காய்க் கிம்ச்சி ஒரு டப்பா எடுத்துக்கொண்டு, சாமான் கட்ட உதவி செய்ய மிரான் வீட்டுக்குப் போனார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அந்த வீட்டுக்குக் கிம்ச்சி கொடுத்தது அதுதான் முதல் தடவை. மிரான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கிம்ச்சி நன்றாக இருந்ததாம். விடைபெறும்போது ஓக்புன் குனிந்து செருப்பை மாட்டுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார். முழங்கால் வலி என்று சொல்லியிருந்ததால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

நேராக என் கடைக்கு வந்து கைப்பையைத் திறந்து காட்டினார். சிவப்புத் துணி சுற்றிய கத்தரிக்கோல்.

"துணியை எடுத்துட்டுத் தொங்கவிடுங்க, பாக்க நல்லா இருக்கும்," என்றேன்.

"வேணாம். துணியிலதான் பலன் இருக்கோ என்னவோ."

நம்புங்கள், நம்பாமல் போங்கள். நாலாவது நாள் பியோ என்ற இளம் தம்பதி வந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள், முதல் வீடு. கூடத்து வெயிலில் அந்தப் பெண் செருப்பில்லாத காலை நீட்டி நின்றாள். போகவே மனமில்லை. திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அளவு நாடாவோடு மறுபடியும் வந்தார்கள். கணவன் என்னைத் தனியே பால்கனிக்கு அழைத்து, தொண்ணூற்றிரண்டு கோடியே ஐம்பது லட்சம் தருகிறோம், நாளைச் சாயங்காலம் கையெழுத்து என்றான். நான் ஓக்புனின் காதில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது.

"அம்பது லட்சம் மேல," என்றார். "அம்பது லட்சம்!"

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. கூரியர். தாக் ஐயா ஒரு கனமான பெட்டியை இரண்டு கையாலும் தழுவிக்கொண்டு உள்ளே வந்தார். இருக்கிற கல்லையே காரில் ஒளித்து வைத்திருக்கும் மனிதர் இன்னொரு கல் வரவழைத்திருக்கிறார். வாங்க வந்தவர்கள் முன்னால் மனைவி திட்ட மாட்டாள் என்ற தைரியத்தில், பெட்டியை வாசலிலேயே வைத்து, செருப்பு அலமாரியைத் திறந்து, தொங்கிய கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

ஓக்புன் "ஐயோ" என்பதற்குள் பெட்டியின் நாடா பாதி வெட்டுப்பட்டிருந்தது. சிவப்புத் துணி கட்டை விரலை உறுத்தியது போலிருக்கிறது. உருவி எறிந்தார். பிடியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்தா பாரு. இது நம்ம கத்தரிக்கோல்!"

பிடியின் ஒரு வளையம் நெருப்பில் உருகி, கோணலாய் இறுகியிருந்தது.

"கடற்பாசி வாட்டும்போது நான் உருக்கினது. என் கையெழுத்து மாதிரி எனக்குத் தெரியும். ஏழு மாசம்! ஏழு மாசமா நான் குப்பையில போட்டேன்னு சொன்னியே! செருப்போட தொங்கவிட்டு வச்சிருக்கே!" பியோ தம்பதி பக்கம் திரும்பினார். "நீங்களே சாட்சி."

ஆசிரியர்கள் பணிவாகத் தலை குனிந்து, நாளை வருகிறோம் என்று சொல்லி லிஃப்டுக்கு நடந்தார்கள்.

ஓக்புனுக்கு முகம் சிவந்து, வெளுத்து, மறுபடியும் சிவந்தது. "திருடி," என்றார். "புத்தாண்டுக்கு வந்து, என் கையால சாப்பிட்டுட்டு, என் அடுக்களையிலயே..."

"நீங்களும் அவங்க வீட்டுலேர்ந்து..." என்று இழுத்தேன்.

"நான் என் சாமானை எடுத்துட்டு வந்தேன். அது திருட்டா?"

பிறகு குரல் மெதுவாக மாறியது.

"தரகரம்மா. நல்லா இருக்கிற இடத்துலேர்ந்துதானே எடுக்கணும்?"

"ஆமா."

"கல்பி கடை?"

"சங்கிலி."

"109இல பல் டாக்டர் வீடு இருக்கு. மிரானும் அந்த டாக்டர் வீட்டம்மாவும் ஒரே சர்ச்சுதான். மூணு கார் வச்சிருக்கிற அவ தங்கச்சி வீடு இருக்கு." ஒவ்வொரு விரலாக மடக்கினார். "அங்கெல்லாம் எடுக்கலை. என் வீட்டுல எடுத்திருக்கா."

சொல்லிவிட்டு மசாஜ் நாற்காலியில் சாய்ந்து பொத்தானை அழுத்தினார். நான் விடைபெற்றது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் முற்பகல், மாலைக் கையெழுத்துக்கான தாள்களில் விவரம் சரிபார்க்க மறுபடியும் போனேன். அடுக்களைத் தரையில் காகிதம் விரித்து, மின்சாரச் சுடுதட்டை நடுவில் வைத்து, ஓர்ப்படிகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து திருநாள் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நாற்பத்து நான்கு கற்களும் திரும்பி வந்திருந்தன. தாள்களைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஓக்புன் வெங்காயத் தாளை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியால் அல்ல.

மிரான் ஒரு வடையை வேண்டியதற்கு மேல் இரண்டு தடவை திருப்பினாள். "அக்கா, கத்தரிக்கோல் புதுசா?"

"பழசு. ஊர் சுத்திட்டு இப்பத்தான் வந்திருக்கு."

மிரான் சுடுதட்டில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு காணாமப் போச்சு," என்றாள் மிரான்.

"அடடா. போலீசுல சொன்னியா?"

"யாரோடதுன்னு கேட்டா என்னன்னு சொல்றது?" மிரான் கரண்டியைக் கீழே வைத்தாள். கழுத்து வரை சிவந்திருந்தாள். "சரி, நான்தான் எடுத்தேன். நல்லா இருக்கிற வீட்டுல எடுக்கணும்னாங்க. வேற எந்த வீடு எனக்கு ஞாபகம் வரும்? இருபத்திரண்டு வருஷமா தினமும் காலையில ஜன்னலைத் திறந்தா எதிர்ல உங்க பால்கனி. உங்க போர்வை வெயில்ல தொங்கும். என் வீட்டுல மத்தியானமே விளக்குப் போடணும். நீங்க வேற, துணி காயுதான்னு கேப்பீங்க. அந்த ஜன்னலை மூடத்தான் அக்கா வீட்டையே வித்தேன்."

இதற்கு ஓக்புன் வருந்தியிருக்கலாம். நல்ல மனுஷியாக இருந்தால் கையைப் பிடித்திருக்கலாம். அவர் செய்தது, தட்டிலிருந்த வடைகளில் நன்றாகச் சிவந்ததைப் பொறுக்கி மிரான் வாயில் ஊட்டியதுதான். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"தரகரம்மா, அந்தத் தாளெல்லாம் வேணாம்," என்றார் என்னைப் பார்க்காமலே. "வீடு விக்கலை."

"அக்கா! வீட்டை விக்கப் பாத்தீங்களா? எவ்வளவுக்கு?"

"விக்கலைன்னுதானே சொல்றேன். ரெண்டு வாத்தியாருங்க தொண்ணூத்திரண்டு கோடியே அம்பது லட்சம்னு வந்து நின்னாங்க. வேணாம்னுட்டேன். ஊரே பொறாமைப்படுற வீட்டை யாராவது விப்பாங்களா?"

"அம்பது லட்சம் கூடவா?" மிரானின் வாயில் பாதி வடை அப்படியே நின்றது. "யாரு? அந்தப் பியோ தம்பதியா? என் வீட்டைப் பாத்துட்டு, வெயில் போதலைன்னு போனவங்க!"

"அப்படியா சொன்னாங்க?" என்றார் ஓக்புன். அதைத் திரும்பச் சொல்லும்படி இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் திருநாளுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த ஐம்பது லட்சத்தின் கதை பரிமாறப்பட்டதாகக் கேள்வி. மிரான் தொண்ணூற்றிரண்டைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். எனக்குத் தரகும் போயிற்று, ஐந்து வார நடையும் போயிற்று. பியோ தம்பதிக்கு 103இல் ஒரு வீடு கிடைத்தது. எதிர்க்கடைத் தரகர் முடித்துக் கொடுத்தார்.

நவம்பரில் மிரான் புது வீட்டுக்குக் குடிபோனாள். நகரத்தின் அந்தப் பக்கம், ஏரி ஓரத்தில், இருபத்து மூன்றாவது மாடி. புதுமனை விருந்துக்கு ஓக்புன், எங்கள் ஊர் வழக்கப்படி முப்பது சுருள் கழிப்பறைக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை நான் கடை விளக்கைப் போடுவதற்குள் கதவைத் தட்டினார்.

"அவ வீட்டுல வெயில் எத்தனை மணி வரைக்கும் தெரியுமா?"

"எத்தனை?"

"அஞ்சு. எல்லாரும் நாலு மணிக்கே கிளம்பிட்டாங்க. நான் அஞ்சு வரைக்கும் உக்காந்து பாத்துட்டுத்தான் வந்தேன். வரும்போது வாசல்ல நின்னு என்ன கேட்டா தெரியுமா? 'இப்போ உங்க வீட்டுல இருட்டியிருக்குமே அக்கா, விளக்குப் போட்டுட்டு வந்தீங்களா?'ன்னு."

கைப்பையைத் திறந்தார். உள்ளே விலைச்சீட்டுக் கூடக் கிழிக்காத புத்தம் புதுக் கத்தரிக்கோல் ஒன்று, விருந்துக் கைத்துடைப்பில் சுற்றி இருந்தது.

"மிரான்கிட்ட கேட்டு வாங்கினீங்களா?"

"கேட்டா பலிக்காதே," என்றார்.

சந்தை இறங்கிவிட்டது, இப்போது எண்பத்தெட்டுக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, ஏரிப் பக்கம் இருபத்து நாலாவது மாடியில் ஏதாவது காலியிருக்கிறதா என்றுதான் கேட்டார். நோட்டைத் திறந்து பெயர், கட்டடம், மாடி எல்லாம் எழுதினேன். விற்பதற்கான காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

"முழங்கால் வலின்னே எழுதுங்க," என்றார் ஓக்புன். "இப்போ ரொம்ப அதிகமாயிடுச்சு."